ஆயாவின் மிளகாய் சாஸைப் புட்டியில் அடைத்து விற்கலாமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, 81 வயது. ஊசி மிளகாய், பூண்டு, கடுகு, புளி, வினிகர் எல்லாம் போட்டு, கடைசியில் எண்ணெயில் பெருங்காயம் தாளித்துக் கொட்டி ஆயா செய்யும் மிளகாய் சாஸ் இல்லாமல் அந்த வீட்டில் சோறு இறங்காதாம். வேலை செய்யும் இடத்திலும் ஆளாளுக்கு ஒரு புட்டி கேட்கிறார்கள். கையில் 20,000 ராண்ட் சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா, எங்கே தொடங்குவது, செய்முறையை எப்படி ரகசியமாகக் காப்பது என்பது அவர் கேள்வி.

தம்பி, நான் டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் பதினாறு வருடமாக ஊறுகாயும் மிளகாய் சாஸும் போட்டு விற்கிறேன். முதலில் ஒன்று: வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். சனி, ஞாயிறு செய்து பாருங்கள். உங்கள் ஆயாவின் கைமணம் பெரிய சொத்துதான். ஆனால் வாங்குகிறவர் ஒரு தடவை ருசித்துவிட்டு இரண்டாம் தடவை வரும்போது அதே ருசி, அதே காரம், அதே கெட்டி இருக்க வேண்டும். முதல் புட்டியும் முந்நூறாவது புட்டியும் ஒன்றாக இருந்தால்தான் அது வியாபாரம். அதுவரை அது வீட்டுச் சமையல். அந்த ஒரே மாதிரியை எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

என் சாஸ் என் மாமியாருடையது. அவர் அளவு என்று எதையும் சொன்னதில்லை. ஒரு நாள் சமையல் மேடையில் தராசை வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, "அத்தை, சட்டியில் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இதில் போடுங்கள்" என்றேன். பூண்டு ஒரு கைப்பிடி என்பார். முதல் நாள் அந்தக் கைப்பிடி 62 கிராம். அடுத்த வாரம் 48. அதற்கடுத்த வாரம் 71. "இதில் எது சரி அத்தை?" என்று கேட்டேன். "எல்லாம் சரிதாம்மா, மிளகாய் எப்படி இருக்கோ அப்படி" என்றார். அவர் சொன்னது உண்மை. மிளகாயைக் கிள்ளி மோந்து பார்த்துத்தான் பூண்டைக் கூட்டினார், குறைத்தார். அந்த மூக்கின் கணக்கை நான் எண்ணாக மாற்ற வேண்டியிருந்தது. ஐந்து தடவை நிறுத்து எழுதி, குடும்பத்தில் எல்லோரும் "இதுதான்" என்று சொன்ன தடவையின் அளவை எடுத்துக்கொண்டேன்.

உங்கள் ஆயா இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் கிராமில் எழுதுங்கள், வினிகரையும் தண்ணீரையும்கூட. மிளகாயைக் காம்பு எடுத்த பிறகு நிறுங்கள். வெறும் சட்டியை முதலில் எடை போட்டுக்கொண்டு, சாஸ் வற்றி இறக்கிய பிறகு சட்டியோடு மறுபடி நிறுங்கள். எவ்வளவு நீர் வற்றியது என்பது தெரியாவிட்டால் ஒரு வாரம் குழம்பு மாதிரியும் ஒரு வாரம் துவையல் மாதிரியும் வரும். அளவைப் பத்து மடங்கு ஆக்கினால் வற்றும் நேரமும் பத்து மடங்கு ஆகாது. அதனால் கடிகாரத்தை நம்பாமல் இறுதி எடையை நம்புங்கள். சட்டி எவர்சில்வராக இருக்கட்டும். கல்யாணச் சமையலுக்கு வைத்திருக்கும் அலுமினியச் சட்டியில் புளியும் வினிகரும் கொதித்தால் அலுமினியம் கரைந்து சாஸில் இறங்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

தொழில் ஆரம்பித்த இரண்டாம் வருடம் ஒரு கல்யாணத்துக்கு 120 ஜாடி கேட்டார்கள். சாஸ் கொஞ்சம் சாதுவாக இருக்கட்டும் என்றதால் கேரட்டைத் துருவிச் சேர்த்தேன், பச்சைப் பூண்டைக் கூடுதலாகப் போட்டேன், வினிகரை மட்டும் ஏற்றவில்லை. பிப்ரவரி மாதம், டர்பன் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் ஒரு மூடி மெல்ல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போய்த் திரும்பி வந்தது. பக்கத்து ஜாடியும் அப்படியே. 120 ஜாடியையும் பின்கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினேன். கல்யாண வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவரும் சாப்பிடுவதற்கு முன்னால் தெரிந்தது என்பதற்காக இன்றுவரை மாரியம்மனுக்கு நன்றி சொல்கிறேன்.

நடந்தது இதுதான். கேரட்டும் பூண்டும் புளிப்பே இல்லாத பொருள்கள். அவை கூடக் கூட சாஸின் புளிப்பு இறங்கும். புளிப்பை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6 என்பது எல்லைக் கோடு. அதற்கு மேலே போனால், காற்றுப் புகாத ஜாடிக்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமி வளர்ந்து நஞ்சு கக்க முடியும். அந்த நஞ்சு வாசனையிலோ நிறத்திலோ தெரியாமலே இருக்கக்கூடும். "நன்றாகக் கொதிக்க வைத்தேனே" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரின் சூட்டைத் தாங்கும். அவற்றை முளைக்க விடாமல் வைப்பது புளிப்புதான். நான் 3.8க்குக் கீழே வராத எந்தச் சட்டியையும் புட்டியில் ஊற்றுவதில்லை.

உங்கள் ஆயாவின் செய்முறையில் எனக்குப் பயம் தரும் இடம் அந்தக் கடைசித் தாளிப்பு. மேலே எண்ணெய் மிதக்கிறது, கீழே பூண்டு. எண்ணெய் சுற்றிய பூண்டுத் துண்டுக்குள் வினிகர் சரியாக ஊறாது, காற்றும் புகாது. வீட்டில் இரண்டு நாளில் தீர்ந்துவிடும், அதனால் இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை. கடை அலமாரியில் நான்கு மாதம் நிற்கப் போகும் புட்டிக்கு அது ஆகாது. வரிசையை மாற்றுங்கள்: முதலில் எண்ணெயைக் காயவைத்துக் கடுகும் பெருங்காயமும் தாளியுங்கள். பூண்டைத் தனியாக வினிகரிலேயே வேகவைத்து, அரைத்த மிளகாய், புளிக்கரைசலோடு தாளிப்பில் ஊற்றி எல்லாம் ஒன்றாகக் கொதிக்கட்டும். ருசி கொஞ்சம் மாறும். தாளிப்பு வாசனை மேலே நிற்காமல் உள்ளே போய்விடும். ஆயாவிடம் காட்டி, அவர் நாக்குக்குச் சரி என்று வரும்வரை பெருங்காயத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பி.எச். மீட்டர் ஒன்று வாங்குங்கள். 20,000 ராண்டில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். காகிதப் பட்டை வேண்டாம், மிளகாய்ச் சிவப்பு அதன் நிறத்தை மறைத்துவிடும். ஒவ்வொரு நாளும் அளக்கும் முன் 4, 7 என்ற இரண்டு அளவுக் கரைசலிலும் முக்கி மீட்டரைச் சரிசெய்யுங்கள். சாஸை ஆறவிட்டு, துண்டு இல்லாமல் அரைத்து, அளந்து எழுதுங்கள். மறுநாள் இன்னொரு தடவை அளங்கள். துண்டுகளுக்குள் இருக்கும் சாறு வெளியே வர நேரம் எடுக்கும், எண் கொஞ்சம் ஏறும். அந்த இரண்டாம் எண்தான் உண்மை. மீட்டரின் முனையில் எண்ணெய் படிந்தால் பொய் சொல்லும், ஒவ்வொரு தடவையும் கழுவித் துடையுங்கள். புளி வாங்கும் கடையை மாற்றினாலோ வினிகர் மாறினாலோ மறுபடி அளந்து பாருங்கள். வினிகர் புட்டியில் அசிட்டிக் அமிலம் எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள், எல்லாம் ஒன்று போல் இருக்காது.

ஊற்றும்போது சாஸ் 85 டிகிரிக்குக் குறையக் கூடாது. கழுவிய புட்டி சூடாக இருக்கட்டும், குளிர்ந்த கண்ணாடி வெடிக்கும். வாயைத் துடைத்து மூடி, மூடியும் சூடு படும்படி இரண்டு மூன்று நிமிடம் தலைகீழாக வையுங்கள். வேலை செய்யும்போது கையுறை, முகத்துக்குத் துணி, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஊசி மிளகாயின் ஆவி தொண்டையைப் பிடித்தால் அரை நாள் போச்சு. கையில் காரம் ஏறினால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள். காரச் சத்து எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, மிளகாய் எங்கே வாங்கியது, எடைகள், பி.எச்., ஊற்றிய சூடு, எத்தனை புட்டி. ஒவ்வொரு தடவையிலும் இரண்டு புட்டியை விற்காமல் எடுத்து வையுங்கள். யாராவது குறை சொல்லி வந்தால் திறந்து பார்க்க அது வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 61ஆம் பிரிவு இருக்கிறதே, பண்டத்தால் கேடு வந்தால் நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்களா என்றுகூட அது பார்க்காது. செய்தவர் பொறுப்பு, விற்ற கடைக்காரரும் பொறுப்பு. கடைக்காரர்கள் உங்களிடம் தாள் கேட்பதன் காரணம் இதுதான்.

தாள் என்றால் முதலில் நகராட்சி தரும் ஏற்புச் சான்றிதழ். 2017, 2018இல் லிஸ்டீரியா நோய் பரவி 216 பேர் இறந்தது நினைவிருக்கும், பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். அந்த 2018இலேயே ஆர்638 என்ற புதிய உணவுச் சுகாதார விதிகள் வந்தன. அவற்றின்படி விற்பனைக்கு உணவு தயாரிக்கும் எந்த இடத்துக்கும் இந்தச் சான்றிதழ் வேண்டும், வீட்டுச் சமையலறையாக இருந்தாலும்தான். டர்பனுக்கான ஈதெக்வினி நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் வந்து பார்ப்பார். கை கழுவத் தனித் தொட்டி, துடைத்தால் சுத்தமாகும் சுவர், பூச்சி வராத ஜன்னல், மூடியுள்ள குப்பைத் தொட்டி, நாய் பூனை வராத இடம் என்று பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் தொழில் செய்ய நில உபயோக அனுமதி உண்டா என்ற கேள்வியும் வரும். சுவரை உடைத்துக் கட்டுவதற்கு முன்னாலேயே அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் பழகிய அலுவலர்கள் முன்கூட்டிக் கேட்பவரை மரியாதையாகவே நடத்தினார்கள். குழந்தைகள் நஞ்சு கலந்த தின்பண்டம் சாப்பிட்டு இறந்த பிறகு, ஸ்பாசா எனப்படும் தெருப் பெட்டிக்கடைகளெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் ஜனாதிபதி உத்தரவு போட்டார். அதிலிருந்து சின்னக் கடைகள்கூட "சான்றிதழ் இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் சரக்கை எடுக்கிறார்கள்.

வீட்டில் இடம் சரிப்படாவிட்டால், சான்றிதழ் உள்ள ஒரு சமையலறையை ஓய்வு நாளில் வாடகைக்குக் கேளுங்கள். டேக்அவே கடைகள் சில ஞாயிறு மூடியிருக்கும். ஆனால் அந்தச் சான்றிதழ் அந்தக் கடைக்காரருக்கானது. உங்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அலுவலரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் சுத்தமான சமையல் இல்லை. தண்ணீர் சேர்த்து வைக்கும் ஜோஜோ டேங்க் இல்லாமல் நான் இப்போது தொழில் செய்வதில்லை.

லேபிளுக்கு ஆர்146 என்ற 2010ஆம் ஆண்டு விதிகள். பண்டத்தின் பெயர், அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் பொருள்கள், நிகர அளவு, உங்கள் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது, தொகுப்பு எண், எந்தத் தேதிக்குள் சாப்பிட்டால் நல்லது, எப்படி வைப்பது, எல்லாம் இருக்க வேண்டும். "உடம்புக்கு நல்லது" என்று எங்கும் எழுதாதீர்கள், அதற்குத் தடை உண்டு. உங்கள் சாஸில் பெருங்காயம் இருக்கிறது. நாம் கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். கோதுமை ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள பொருள், லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டும். பல ஊறுகாய்க்காரர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கோதுமை ஆகாத ஒரு பிள்ளைக்கு அது விளையாட்டில்லை. நாளைக்கு லண்டனில் இருக்கும் சித்தப்பா கடைக்கு அனுப்பலாம் என்று நினைத்தால், அங்கே கடுகும் அந்தப் பட்டியலில் உண்டு.

அம்மன் படத்தை லேபிளில் போட ஆசை வரும். போடாதீர்கள். காலியான புட்டி குப்பைத் தொட்டிக்குப் போகும், அதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

இனிக் கணக்கு. இது உதாரணம்தான், எண்களை உங்கள் ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 250 மில்லி புட்டிக்குச் சாமான் 11 ராண்ட், புட்டியும் மூடியும் 9, லேபிள் 2.50, எரிவாயுவும் கரண்டும் 2, உடைந்தது சிந்தியது 1.50. மொத்தம் 26 ராண்ட். இங்கேதான் எல்லோரும் கணக்கை மூடிவிடுகிறார்கள். 60 புட்டிக்கு இரண்டு பேர் ஏழு மணி நேரம் நிற்கிறீர்கள் என்றால், 2025 மார்ச்சில் இருந்த குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 28.79 ராண்ட் என்று போட்டாலும் புட்டிக்கு 6.70 ஏறும். ஆக 32.70. நீங்களே 65 ராண்டுக்கு விற்றால் 32 ராண்ட் மிச்சம். கடை அதே விலைக்கு விற்க உங்களிடம் 45க்கு எடுத்தால் 12 ராண்ட், அதில் பெட்ரோலும் போகும். உங்கள் தங்கை சும்மா வந்து புட்டி கழுவுகிறாள் என்பதற்காக அவள் கூலியை விட்டுவிடாதீர்கள். அவள் கல்யாணமாகிப் போன மாதமே தொழில் நஷ்டத்தில் ஓடும்.

அதனால் முதல் வருடம் நேரடி விற்பனைதான் என் யோசனை. உங்கள் பக்கத்திலேயே வெஸ்ட்கிளிஃபில் பங்களாதேஷ் மார்க்கெட் இருக்கிறது. காரம் தெரிந்த ஜனங்கள், முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். தைப்பூசக் காவடி, ஆடிக் கூழ், தீபாவளி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று வாரம் கணக்குப் போட்டுச் சரக்கை வையுங்கள். ஒரு ரொட்டித் துண்டில் தொட்டுக் கொடுங்கள், பேசவே வேண்டாம். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிக் கொடுக்கும் பன்னி சௌ கடைகளுக்கு ஐந்து லிட்டர் கேனில் கொடுத்தால் புட்டிச் செலவு இல்லை, அது நல்ல வழி. பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு அவசரப்படாதீர்கள். பணம் வர 30 நாள், 60 நாள் ஆகலாம், விற்காததைத் திருப்பி அனுப்பலாம். 20,000 ராண்ட் அதிலேயே முடங்கிப் போகும். அங்கே போகும் காலத்தில் ஜிஎஸ்1 தென்னாப்பிரிக்காவிடம் பார்கோடு வாங்கிக்கொள்ளலாம், நம் நாட்டு எண் 600, 601 என்று ஆரம்பிக்கும். காரக் கோழிக்குப் பேர்போன நாண்டோஸ்கூட 1987இல் ஜோகன்னஸ்பர்க் ரோசட்டன்வில்லில் ஒரே ஒரு கோழிக் கடையாகத்தான் தொடங்கியது.

மிளகாய் விலை ஏறி இறங்கும். கிளேர்வுட் மொத்தச் சந்தையில் விலை இறங்கும் வாரம் பார்த்து வாங்கி, காம்பு எடுத்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து உறையவைத்துவிடுங்கள். உறைந்தால் காரம் போகாது. ஒரே சாகுபடிக்காரரிடம் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. காரம் செடிக்குச் செடி, வெயிலுக்கு வெயில் மாறும், நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே அரையுங்கள்.

செய்முறை ரகசியம் பற்றிக் கேட்டீர்கள். பொருள்களின் பெயர் எப்படியும் லேபிளில் வந்துவிடும், அளவு மட்டும்தான் உங்களுடையது. அந்த நோட்டைப் பூட்டி வையுங்கள், வேலைக்கு வருகிறவருக்கு மசாலாவை நிறுத்துப் பொட்டலமாகக் கொடுங்கள், போதும். உண்மையில் காக்க வேண்டியது பெயர். அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தால் பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். லேபிள் அச்சடிக்கும் முன்பே அந்தப் பெயர் வேறு யாருடையதாவது இருக்கிறதா என்று, கம்பெனிகளையும் வணிகச் சின்னங்களையும் பதிவு செய்யும் சிஐபிசி அலுவலகத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை. ஆயாவின் சாஸ் உங்கள் ஒருவருக்கா? உங்கள் பெரியம்மாவும் அத்தையும் அதையேதான் செய்கிறார்கள் இல்லையா? தொழில் நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு "அது எங்க அம்மா சாஸ்" என்று ஒரு குரல் வரும். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பம் இந்த ஒரு வார்த்தையில் பேச்சு நின்று போனது. முதல் புட்டி விற்கும் முன்பே, ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டு, ஆயாவை நடுவில் உட்காரவைத்துப் பேசுங்கள். யார் வேலை செய்கிறார், யார் பணம் போடுகிறார், பெயரில் ஆயா இருந்தால் ஆயாவுக்கு மாதம் என்ன, ஆயாவுக்குப் பிறகு என்ன. ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஆயாவுக்கு எழுத வராவிட்டால் படித்துக் காட்டுங்கள்.

அப்புறம் அடுத்த சனிக்கிழமை ஆயாவோடு தராசை வைத்துக்கொண்டு ஒரு சட்டி போடுங்கள். மறுநாள் அளந்த பி.எச். எண்ணையும் எடைகளையும் எனக்கு எழுதுங்கள். வினிகரை எவ்வளவு ஏற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். எண் சரியாக வந்த பிறகு, பரிசோதனைக்கூடங்களைச் சோதித்து அங்கீகரிக்கும் சனாஸ் அமைப்பின் அங்கீகாரம் உள்ள கூடம் ஒன்றுக்கு ஒரு புட்டி அனுப்புவோம்.